ஆல்டன்பி டவுனுக்கு எருத்தேன்பதியில் ஒரு ரசிகர்

கடைசி ஆள் பாலை ஊற்றிவிட்டுத் தூக்குப்போசியோடு படியிறங்கியதும் ரத்தினசாமி பால் சொசைட்டி அறையின் கதவை முக்கால்வாசி சாத்துவார். முழுக்கச் சாத்தினால் உள்ளே என்ன நடக்கிறது என்று யாராவது கேட்பார்கள். திறந்தே விட்டால் யாராவது வந்து உட்கார்ந்துகொள்வார்கள். பிறகு சோதனைக் குப்பிகள் நிற்கும் தட்டில் ஒரு குப்பியை ஓரமாக நகர்த்தி, அந்த இடத்தில் கைபேசியைச் சாய்த்து நிறுத்துவார். சத்தத்தை அடியோடு குறைத்துவிடுவார். பாலக்காட்டுப் பக்கத்து எருத்தேன்பதியில் சனிக்கிழமை இருட்டியிருக்கும். திரையில், இங்கிலாந்தில், மழை பெய்துகொண்டிருக்கும்.

வயது ஐம்பத்தேழு. இந்தச் சொசைட்டியில் இருபத்தாறு வருடமாகப் பால் சோதிப்பவர். பால்மானியை இறக்கும் முன்பே முகர்ந்து பார்த்து, "ஏனுங்க, மாடு மழையில நனைஞ்சுருச்சுங்களா?" என்று மட்டும் கேட்பார். தண்ணீர் கலந்தவர் தலையைக் குனிந்துகொள்வார். பால் விஷயத்தில் அவர் சொன்னால் சொன்னதுதான்.

கால்பந்து விஷயத்தில் அப்படி எதுவும் கைக்கு அகப்படுவதில்லை. மூன்று வருடமாகப் பார்க்கிறார். ஆஃப்சைடு இன்னும் புரியவில்லை. கோல் விழுகிறது, ஆயிரம் பேர் குதிக்கிறார்கள், ஓரத்தில் ஒருத்தர் கொடியைத் தூக்கியதும் விழுந்தது விழாததாகிவிடுகிறது. ஐப்பசி நடுவில் ஒரு சனிக்கிழமை, ஆட்டம் தொடங்க வேண்டிய நேரத்தில் மைதானம் காலியாகக் கிடந்தது. நின்றுபோய்விட்டது என்று வீட்டுக்குப் போய்விட்டார். அந்த ஊரில் குளிர்காலத்துக்குக் கடிகாரத்தையே ஒரு மணி நேரம் மாற்றிவைப்பார்கள் என்பது மறுவாரம்தான் தெரிந்தது. இரவல் ஆட்டக்காரர் சமாசாரம் வேறு. ஒரு கிளப் தன் ஆளை இன்னொரு கிளப்புக்கு இரவல் கொடுக்கலாம். ஆனால் சொந்தக் கிளப் எதிரே வந்தால் அந்த ஆள் வெளியே உட்கார்ந்துவிட வேண்டும். "அன்னைக்கு மட்டும் அந்தப் பையன் யாரு ஜெயிக்கோணும்னு நெனைப்பானுங்க?" என்று பால் டேங்கர் ஓட்டிவரும் ஜோபியிடம் கேட்டார். ஜோபிக்கும் தெரியவில்லை.

ஜோபி தொடுபுழைக்காரர். உலகம் முழுக்கத் தெரிந்த பெரிய கிளப் ஒன்றின் கொடியை டேங்கர் கண்ணாடியில் ஒட்டியிருப்பவர். "சேட்டனுக்கு ஏது டீம்?" என்று கேட்டு, "ஆல்டன்பி டவுனுங்க" என்ற பதிலை வாங்கிக்கொண்டு, கைபேசியில் வெகுநேரம் தேடினார்.

"நாலாம் டிவிஷன். அதிலும் ஏகதேசம் அடியில. சேட்டா, இதைப் பாக்கறதுக்கு நம்ம சித்தூர்ப் பசங்க பந்துகளி பாக்கலாம்."

ரத்தினசாமிக்குக் கோபம் வந்தது. எதற்குக் கோபம் வந்தது என்று டேங்கர் போன பிறகும் யோசித்துக்கொண்டு நின்றார். ஆல்டன்பி எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட அவருக்குத் தெரியாது.

எல்லாம் மருமகனால் வந்தது. மகள் அம்ருதா கோயமுத்தூரில் வேலை பார்த்தபோது தானே தேர்ந்தெடுத்த பாலக்காட்டுப் பையன் ஸ்ரீஜித். மரியாதை தெரிந்தவன், நல்ல வேலை. குறை சொல்ல ஒன்றுமில்லை, பேசவும் ஒன்றுமில்லை. "அங்க மழைங்களா?" என்று இவர் கேட்பார். "பெய்ஞ்சுது மாமா" என்பான். அதோடு முடிந்தது. இரண்டு பேரும் சுவரிலிருந்த நாள்காட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். மறுவீட்டுக்கு வந்த மூன்றாம் நாள், கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தவன் திடீரென்று தொடையில் அடித்துக்கொண்டான். பல்வலியோ என்று இவர் பதறினார்.

"அதெல்லாம் இல்ல மாமா. பெனால்டியை வெளியில அடிச்சுட்டான்."

"எந்த ஊரு ஆட்டமுங்க அது?"

அந்த ஒரு கேள்விக்குப் பையனின் முகம் விரிந்ததை ரத்தினசாமி இப்போதும் சொல்வார். ஒரு வருடம் ஆல்டன்பியில் படித்தானாம். தங்கியிருந்த அறையின் சன்னல் மைதானத்தைப் பார்த்திருந்ததாம். குளிரில், தனியாக, சனிக்கிழமைகளில் அந்தக் கூட்டத்தோடு போய் நின்றால்தான் யாரோடாவது இருப்பதுபோல இருந்ததாம். அன்று இரண்டு மணி நேரம் பேசினான். இவருக்கு முக்கால்வாசி விளங்கவில்லை. ஆனாலும் "அப்படிங்களா, அப்படிங்களா" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஊருக்குக் கிளம்பும் முன் அந்தக் கிளப்பின் செயலியை மாமனாரின் கைபேசியில் ஏற்றித் தன் கணக்கிலேயே திறந்து கொடுத்துவிட்டுப் போனான்.

முதலில் மருமகனோடு பேசுவதற்காகத்தான் பார்த்தார். வெளியூர் ஆட்டம் ஒன்றில், வழக்கமாகப் போடும் கறுப்பு மஞ்சள் பட்டைச் சட்டைதான் நம் ஆட்கள் என்று நினைத்து, பாதி ஆட்டம் எதிராளிக்காக உட்கார்ந்து பதறினார். ஸ்ரீஜித் போனில் விழுந்து விழுந்து சிரித்தான். "மாமா, வெளியூர் போனா நம்ம டீம் ரோஸ் சட்டை." எப்போது அது மருமகனுக்காக என்பது போய்த் தனக்காக ஆயிற்று என்று அவருக்கே தெரியாது. ஒரு சனிக்கிழமை தோற்றுப்போனார்கள். அன்று மனைவி ஞானம் போட்ட தோசை இறங்கவில்லை. "உங்களுக்கு என்னதான் ஆச்சு?" என்று அவள் கேட்டபோது நெஞ்சு கரிக்கிறது என்றார். அது பொய்யும் இல்லை.

போன தை மாதம் அம்ருதா இரண்டு பைகளோடு வீட்டுக்கு வந்தாள். ஆயிரம் தரம் கேட்டும் ஒரே பதில்தான்.

"அடிச்சானா கண்ணு?"

"இல்லீங்கப்பா."

"குடிக்கறானா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. ரெண்டு பேருக்கும் ஒத்து வரல. அவ்வளவுதான்."

"அப்பறம் தப்பு யாரு மேல?"

"யார் மேலயும் இல்லீங்கப்பா."

யார் மேலும் தப்பில்லாமல் ஒரு கல்யாணம் எப்படி முறியும் என்று ரத்தினசாமிக்குப் பிடிபடவில்லை. ஞானத்துக்கு இந்தக் குழப்பமெல்லாம் இல்லை. அழுதாள், ஏசினாள், கல்யாணப் படத்தைக் கழற்றிப் பீரோவுக்குள் வைத்தாள், மாப்பிள்ளை வீட்டார் கொடுத்த பாத்திரங்களை மூட்டை கட்டித் திருப்பி அனுப்பினாள். மூட்டை போன அன்று ரத்தினசாமி வாசலில் நின்று, "எல்லாத்தையும் அனுப்பீட்டம். இதை என்ன பண்றது?" என்றார்.

"எதை?" என்றாள் ஞானம்.

"ஒண்ணுமில்ல" என்று மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

விட்டுவிடுவது என்று முடிவு செய்து இரண்டு சனிக்கிழமை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார். மூன்றாவது வாரம் சொசைட்டிக் கதவை மறுபடி முக்கால்வாசி சாத்தினார். செயலி இன்னும் மருமகன் பெயரில்தான் திறக்கிறது. மேலே 'ஸ்ரீஜித்' என்று எழுத்து வரும்போதெல்லாம் ஆளில்லாத வீட்டுக்குள் கொல்லைப்புறமாக நுழைவதுபோல அவருக்குக் கூசும். பையன் நினைத்தால் ஒரு நொடியில் கடவுச்சொல்லை மாற்றிவிடலாம். மாற்றவில்லை. மறந்துவிட்டானா, தெரிந்தே விட்டிருக்கிறானா என்று கேட்க வழியில்லை.

பங்குனியில் ஒருநாள், ஏழு ஆட்டம் தோற்றபின் ஆல்டன்பி ஓர் ஆட்டம் ஜெயித்தது. பத்து நிமிடத்தில் ஸ்ரீஜித்திடமிருந்து செய்தி. 'மாமா, ஜெயிச்சோம்.' அவ்வளவே. ரத்தினசாமி அதைத் திரும்பத் திரும்பப் படித்தார். நாம ஜெயிச்சோமா, நாங்க ஜெயிச்சோமா? இவரையும் சேர்த்துச் சொல்கிறானா, அந்த ஊர்க்காரர்களோடு தன்னை மட்டும் சேர்த்துக்கொண்டானா? 'ஜெயிச்சோம்' என்ற சொல்லில் அது தெரியவில்லை. பதில் போடாவிட்டால் பையன் என்ன நினைப்பான்? போட்டால் மகள் என்ன நினைப்பாள்? பதில் போடவில்லை. செய்தியை அழிக்கவும் இல்லை.

சித்திரையில் கடைசி ஆட்டம். ஜெயித்தால் நாலாம் டிவிஷனில் நிற்கலாம். இல்லாவிட்டால் கீழே இறங்க வேண்டும். ஆட்டம் ஐந்து மணிக்கே என்பதால் ரத்தினசாமி அன்று பால் எடுப்பதை அவசர அவசரமாக முடித்தார். இருபத்தாறு வருடத்தில் முதல்முறையாக ஒருவருடைய பாலை முகர்ந்து பார்க்க மறந்தார். ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று நின்றுகொண்டிருந்தபோது கதவு திறந்தது. அம்ருதா. கைபேசியைக் கவிழ்த்து வைத்தார்.

"அம்மா தேடுது. போன் அடிச்சா எடுக்க மாட்டீங்கறீங்க."

"டேங்கர் வரோணுமல்ல அம்மிணி."

அவள் கவிழ்ந்து கிடந்த கைபேசியைப் பார்த்தாள். "எத்தனைக்கு எத்தனை?"

"அவனோட பேசறதெல்லாம் இல்ல கண்ணு. சத்தியமா. ஆட்டம் மட்டுந்தான். ஏன் பாக்கறன்னு கேட்டீன்னா எனக்கே தெரியாது. நீ வேண்டாம்னா இப்பவே நிறுத்தீடறேன்."

"நான் எங்கப்பா வேண்டாம்னேன்?" அவள் கைபேசியை எடுத்து நிமிர்த்தி வைத்தாள். காலி கேனைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். "இன்னும் எத்தனை நிமிஷம்?"

நான்கு நிமிடம் இருந்தது. நான்கிலும் ஒன்றும் நடக்கவில்லை. ஊதல் ஊதியதும் ஆட்டக்காரர்கள் நின்ற நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார்கள். ஒருவன் சட்டையால் முகத்தை மூடிக்கொண்டான்.

"போச்சுங்களா? இனி இந்த டீமே இல்லீங்களா?" மகளிடம் பேசுகிறோம் என்பதை மறந்து மரியாதையில் கேட்டார்.

"இருக்கும்ப்பா. ஆடிக் கடைசியில மறுபடி ஆடுவாங்க, அஞ்சாம் டிவிஷன்ல."

"உனக்கெப்படித் தெரியும்?"

"மூணு வருஷம் வேற என்னத்தைக் கேட்டேன்?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. சோகமாகவும் சொல்லவில்லை. எப்படிச் சொன்னாள் என்று அவருக்கு விளங்கவில்லை.

திரையில் கூட்டம் கலையவில்லை. மழைச் சட்டை போட்ட கிழவர்கள், பெண்கள், தோளில் குழந்தையைத் தூக்கியவர்கள் எல்லோரும் எழுந்து நின்று, கீழே இறங்கிப்போன அணிக்குக் கை தட்டிக்கொண்டிருந்தார்கள். ரத்தினசாமி எழுந்தார். தன் உள்ளங்கைகளை ஒன்றோடொன்று இரண்டு முறை தட்டினார். மகளைப் பார்த்தார். மூன்றாவது முறை தட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல், இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு நேரே அப்படியே சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.