அப்பாவுடன் திருவிடந்தைக்குப் பெண் கேட்க

ஞாயிறு காலை பத்தே முக்காலுக்கு எங்கள் ரயில் பாலாற்றுப் பாலத்தைத் தாண்டிச் செங்கல்பட்டில் நின்றது. திருச்சியிலிருந்து நானும் எழுபத்து நான்கு வயது அப்பாவும் பூ, பழப் பைகளோடு வந்திருந்தோம். மறைமலைநகரில் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலைபார்க்கும் என் மகன் அரவிந்தன் நடைமேடையில் நின்றான். கூட வேலைபார்க்கும் தேன்மொழியைப் பெண் கேட்கத்தான் இந்தப் பயணம்.

பதினொன்றேகாலுக்கு மாமல்லபுரம் பஸ் கிடைத்தது. முப்பது கிலோமீட்டர். திருக்கழுக்குன்றத்து மலை கண்ணில் பட்டதும் அப்பா ஜன்னல் பக்கம் சாய்ந்துகொண்டார். அந்தச் சமயம் பார்த்து அரவிந்தன் என் காதில் சொன்னான்:

“அம்மா, அவங்க வீட்டு நடுச்சுவர்ல அவரோட படம் இருக்கு. பெருசா, மாலை போட்டு.”

அவர் என்றால், பழைய பிரதமர். கல்லூரியில் படித்தபோது அந்த ஆட்சியை எதிர்த்துச் சுவரொட்டி ஒட்டியதற்காக அப்பா விசாரணையே இல்லாமல் பதினோரு மாதம் சிறையில் இருந்தார். படிப்பு அதோடு போயிற்று. இன்றும் அந்த முகம் வந்த நாளிதழை உள்பக்கமாக மடித்துத்தான் வைப்பார். தேன்மொழியின் தாத்தாவுக்கு மனைப்பட்டா கிடைத்ததும் அதே ஆட்சியில்தான். அப்பா பாதியில் எழுந்து வந்துவிட்டால் என்ன செய்வது? அதன் பிறகு மாமல்லபுரம் வரும்வரை எனக்கு எதுவும் கண்ணில் பதியவில்லை.

மாமல்லபுரத்தில் பஸ் மாறினோம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே பதினைந்து கிலோமீட்டர். கல்யாணம் கூடிவர வேண்டித் திருவிடந்தைக் கோயிலுக்குப் போகிறவர்கள் பஸ் நிறைய இருந்தார்கள். “கல்யாணம் ஆவ வேண்டியவங்கல்லாம் எறங்குங்க” என்றார் கண்டக்டர். பஸ்ஸே சிரித்தது. முதலில் இறங்கியது அரவிந்தன்.

மணி பன்னிரண்டு ஐம்பது. தேன்மொழியின் அப்பா ஏழுமலை ஆட்டோவோடு காத்திருந்தார்.

“வாங்க சம்பந்தி.”

“இன்னும் பொண்ணே கேக்கலீங்களே” என்றார் அப்பா.

“கேக்காமலா திருச்சிலேர்ந்து வந்துகினு கீறீங்க?”

ஊருக்கு உள்ளே ஒரு கிலோமீட்டரில் வீடு. நடுச்சுவரில் படம் இல்லை. ஆணியும், அதன் கீழே வெயில் படாத வெளுப்பாக ஓர் இடமும் மட்டும் இருந்தன. நான் மூச்சு விட்டேன். அப்பா அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இங்க என்ன படம் இருந்துச்சு?”

ஏழுமலை மனைவியைப் பார்த்தார். தேன்மொழியின் அம்மா அஞ்சலை சொன்னார்: “உங்க கதைய தம்பி பொண்ணாண்ட சொல்லியிருக்குது. அதான் இவரு காலைல கயட்டி கட்டிலுக்குக் கீய வெச்சிட்டாரு.”

ஏழுமலை அப்பாவின் எதிரே வந்து நின்றார். “எங்க நைனா அடுத்தவன் நெலத்துல குடிசை போட்டுகினு இருந்தவரு ஐயா. இந்த மண்ணு எங்க பேருக்கு வந்தது அவரு காலத்துலதான். படம் நைனா மாட்டுனது. அதுக்காக உங்கள உள்ள வெச்சது நாயம்னு நாங்க சொல்லமாட்டோம்.”

அப்பா அந்த ஆணியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “நான் உள்ள இருக்கறப்ப எங்கம்மா செத்துப்போச்சு. ஒரு நாள்கூட வெளிய விடல.”

எனக்கே அது அன்றுதான் தெரியும்.

“ஆனா உங்களுக்கு வீடு வந்தது பொய்யில்லையே. எனக்காகச் சுவத்தக் காலி பண்ண வேணாம். எடுத்து மாட்டுங்க.”

ஏழுமலை ஸ்டூலில் ஏறினார். ஆடிய ஸ்டூலை அப்பாதான் பிடித்துக்கொண்டார்.

“எடப்பக்கம் சாயுது.”

“அது எப்பவுமே அப்டித்தான் ஐயா கீது.”

இலை போட்டார்கள். அப்பாவின் இலை படத்துக்கு நேர் எதிரே விழுந்தது. அவர் அதை எடுத்துக்கொண்டு எதிர்வரிசைக்குப் போய், படத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். “மாட்டத்தான் சொன்னேன். பாத்துக்கிட்டே சாப்பிடறேன்னு சொல்லல.”

முதலில் அஞ்சலை சிரித்தார். அப்புறம் வீடே சிரித்தது. ஏழுமலையும் தன் இலையைத் தூக்கிக்கொண்டு வந்து அப்பா பக்கத்தில் உட்கார்ந்தார். தேன்மொழி வஞ்சிர மீன் குழம்பை ஊற்ற ஊற்ற, அப்பா கையால் மறிக்கவே இல்லை. மோர் வருவதற்குள் தை மாதத்தில் கல்யாணம் என்று முடிவாகியிருந்தது.

மாலை ஐந்து மணிக்குக் கிளம்பினோம். எங்கள் வீட்டில் அந்தத் தலைவரைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை பேசி நான் கேட்டதில்லை; அந்த வீட்டில் ஒரு குறை பேசியிருப்பார்களா என்பது சந்தேகம். இரண்டு வீடும் தெரிந்ததைத்தான் பேசின. தெரியாதது அடுத்த வீட்டில் இருந்தது.

திருச்சி ரயிலில் அப்பாவே பேச்சை எடுத்தார். “இதுங்களுக்குப் பொறக்கற புள்ளைக்கு ரெண்டு கதையும் சொல்லணும். அவங்க சொல்றத அவங்க சொல்லட்டும். ஜெயில் கதைய நான்தான் சொல்லணும். வெவரம் தெரிஞ்சு கேக்கணும்னா அதுக்குப் பத்து வயசாவது ஆகணும்.”

மனதுக்குள் ஏதோ கூட்டிப் பார்த்தார். பிறகு, தினமும் நான் கெஞ்சினால்தான் வாயில் போடுகிறவர், தானே கையை நீட்டினார்.

“அந்த பிரஷர் மாத்திரைய எடும்மா.”