அடைக்காதீர்கள்

விசாரணை அறிக்கையில் சின்னையாவின் பெயர் மூன்று இடங்களில் வருகிறது. மூன்றிலும் அதை அடுத்து வருவது ‘கவனக்குறைவு’ என்ற சொல். அவரோடு ஒரு வாரம் வேலை செய்த யாரும் அந்தச் சொல்லை அவருக்குச் சொல்லமாட்டார்கள்.

டெங்கில் என்ற ஊரின் பக்கத்துச் செம்பனைத் தோட்டமொன்றில் பிறந்தவர். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை படித்தார். பிறகு லோரியில் மூட்டை இறக்கினார். கடைசியில் மேரு என்ற ஊருக்கு அப்பால், நாங்கள் வேலை செய்த நீர் சுத்திகரிப்பு நிலையத்தின் இரசாயனக் கிடங்குக்கு ஒப்பந்த ஊழியராக வந்து பத்தொன்பது ஆண்டுகள் இருந்தார். நான் அங்கே ஆய்வுக்கூட உதவியாளர். வெள்ளை மேலங்கி போட்டிருப்பதால் என்னை ‘டாக்டரம்மா’ என்பார். பம்புகளின் இரைச்சலைத் தாண்டிக் கேட்கும் குரல் அவருக்கு.

குளோரின் வாயு மஞ்சள் உருளைகளில் வரும். ஒவ்வொன்றும் ஒரு டன். வால்வில் கசிவு இருக்கிறதா என்று பார்க்க அம்மோனியா புட்டியைத் திறந்து பக்கத்தில் காட்ட வேண்டும். கசிந்தால் வெள்ளைப் புகை எழும். தினமும் காலையில் அதைச் செய்துவிட்டு வாசலில் நின்று கத்துவார்.

“சாம்பிராணி காட்டியாச்சு டாக்டரம்மா! சாமி நல்லா தூங்குது!”

குளோரின் காற்றைவிடக் கனமானது. தரையோடு தங்கும். அதனால் உருளைகள் இருந்த அறையின் விசிறி காற்றை இழுக்கும் துவாரம் கணுக்கால் உயரத்தில், கம்பி வலை போட்டு இருந்தது. விசிறியின் சுவிட்ச் வெளியே, கதவுக்குப் பக்கத்தில்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் தணிக்கைக்கு வந்தவர்கள், எச்சரிக்கைகள் ஊழியர்களின் மொழியிலும் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எங்கள் மேற்பார்வையாளர் பாசில் என் மேசைக்கு வந்தார். அவருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது.

“தாமரை, நீ தமிழ்ப்பள்ளிதானே? அந்த ஓட்டைக்குப் போட ஒரு வரி எழுதிக் குடு. அஞ்சு நிமிஷ வேலைலா.”

அவர் நீட்டிய தாளில் மலாயில் ‘ஜாங்கான் துத்துப்’ என்று இருந்தது. ‘அடைக்காதீர்கள்’ என்று பெரிய எழுத்தில் அச்சிட்டு, பிளாஸ்டிக் உறை போட்டுக் கொண்டுபோனேன். உள்சுவரில் ஈரம், ஒட்டவில்லை. வெளியே கதவுக்குப் பக்கத்தில் காய்ந்த இடம் இருந்தது. சுவிட்சுக்கு நேர் மேலே ஒட்டிவிட்டு வந்தேன்.

எங்கள் பேச்சில் துவாரத்தையும் அடைப்போம், விளக்கையும் அடைப்போம், விசிறியையும் அடைப்போம்; சுவிட்சை நிறுத்துவதற்கும் அதே சொல்தான். மலாய்க்காரர்களின் ‘துத்துப்’பும் அப்படித்தான். பள்ளியில் இரண்டு மொழியிலும் நல்ல புள்ளி வாங்கிய எனக்கு அன்று அது தோன்றவில்லை.

அன்றிலிருந்து விசிறி இரவும் பகலும் ஓடியது.

“அண்ணே, ஆளில்லாத ரூம்ல ஏன் ஃபேன் ஓடுது? மோட்டார் வெந்துடும்லா,” என்றார் பாசில் ஒருநாள் சின்னையாவிடம்.

“எழுதி ஒட்டியிருக்கு பாஸ்! படிக்கத் தெரியலன்னா டாக்டரம்மாவக் கேளு!”

தண்ணீர் மாதிரிகளோடு நான் அந்தப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தேன். எல்லோரும் சிரித்தார்கள். அவர் கேலி செய்கிறார் என்று நினைத்து நானும் சிரித்தேன். நின்று, எதைச் சொல்கிறீர்கள் என்று கேட்கவில்லை. நான் எதையும் நின்று கேட்கிறவள் இல்லை.

நவம்பர் மழையில் பக்கத்துக் கிடங்கின் கூரை ஒழுகியது. நனைந்தால் சுண்ணாம்புத் தூள் கட்டியாகிவிடும் என்று சின்னையா நாற்பது மூட்டைகளைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்து, குளோரின் அறையில் விசிறி ஓடி ஓடிக் காய்ந்திருந்த சுவரோரம் அடுக்கினார். கம்பி வலை மூட்டைகளுக்குப் பின்னால் போனது. பாசில் வாசலில் நின்று பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார்.

டிசம்பரில் ஒரு காலை, உருளை மாற்றும்போது இணைப்பில் கசிந்தது. கூட இருந்தவர் முகமூடி எடுக்க ஓடினார். சின்னையா காத்திருக்கவில்லை. விசிறி ஓடும் சத்தம் அவருக்குக் கேட்டது. குனிந்து வால்வை மூடினார். முழுதாக மூடிவிட்டுத்தான் விழுந்தார். வாயு எங்கும் போகாமல் முழங்கால் உயரத்தில் அப்படியே நின்றிருந்தது.

கிள்ளான் மருத்துவமனையில் பதினொரு நாள் இருந்தார். ஜனவரியில் விசாரணை. அலுவலக மலாய் சின்னையாவுக்குப் பிடிபடாது என்று மொழிபெயர்க்க என்னை உட்கார வைத்தார்கள். அதிகாரி மலாயில் பொறுமையாகத்தான் கேட்டார்: தமிழில் எச்சரிக்கை ஒட்டியிருந்ததே, அதைப் படித்தாரா?

சின்னையா என் பக்கம் திரும்பினார். மூச்சு வாங்கி வாங்கிப் பேசினார்.

“படிச்சேன் புள்ள. எழுதியிருந்த மாதிரிதான்... செஞ்சேன். ஒரு நாள்கூட அடைக்கலன்னு சொல்லு. ஃபேன் இப்பவும்... ஓடிக்கிட்டுத்தான் இருக்கும். போய்ப் பாக்கச் சொல்லு.”

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. சுவரில் அந்தத் தாள் இருந்த இடமும், அதற்குக் கீழே சுவிட்சும் கண்ணுக்குள் வந்தன.

“படித்தாராம்,” என்று மலாயில் சொன்னேன்.

“அவ்வளவுதானா? வேறு ஏதோ நீளமாகச் சொன்னாரே?”

“அவ்வளவுதான்.”

சின்னையா எனக்கு நன்றி சொல்வதுபோலத் தலையை ஆட்டினார்.

அவருடைய ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. பிரிக்ஃபீல்ட்ஸில் ஓர் அடுக்குமாடியின் காவலர் அறையில் உட்கார இடம் கிடைத்தது. எட்டு மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போனேன்.

“வா டாக்டரம்மா! வண்டி நம்பர்... எழுதிட்டுத்தான் உள்ள வரணும்.”

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அறிவிப்பு நான் எழுதியது என்று. அது விசிறிக்காக இல்லை என்று. விசாரணையில் அவர் சொன்னதில் பாதியை நான் விழுங்கிவிட்டேன் என்று.

அவர் வண்டி நம்பர் எழுதும் நோட்டை மூடி வைத்தார்.

“வார்த்தை தப்பானது... அது யாருக்கும் வரும் புள்ள. அடைக்காதேன்னா ஃபேன்னுதான் நான் நெனச்சேன்... நீ ஓட்டைன்னு நெனச்ச. அதுக்கு நான் என்ன சொல்றது. ஆனா அந்த விசாரணை ரூம்ல... என் பேச்சு முழுசும் உன் வாயிலதானே இருந்திச்சு?”

“மன்னிச்சிடுங்க அங்கிள்.”

“என் வீட்டுக்காரி வீரம்மா இருக்காளே... அவகூடக் கேட்டா. படிக்கத் தெரிஞ்ச மனுசன், எழுதியிருக்கிறத பாக்கலையான்னு. பாத்தேன்டின்னு சொன்னா... நம்பல.” மூச்சு நின்று திரும்பியது. “எழுதிக் குடு. மலாய்ல ஆபீஸுக்கு. தமிழ்ல... அவளுக்கு.”

அன்று மாலையே இரண்டையும் எழுதினேன். ‘அடை’ என்ற சொல்லுக்கு மட்டும் மலாய்க் கடிதத்தில் ஒன்றரைப் பக்கம் ஆனது. பாசில் அதைப் படித்துவிட்டு, “இத நீ முன்னாடியே சொல்லியிருக்கணும்லா,” என்றார். மூட்டைகளைத் தானும் பார்த்ததைப் பற்றிப் பேசவில்லை.

அலுவலகத்திலிருந்து இரண்டு வரிப் பதில் வந்தது. விசாரணை முடிந்துவிட்டதால் அறிக்கையைத் திருத்த இயலாது; என் கடிதம் கோப்பில் பின்னிணைப்பாகச் சேர்க்கப்படும். முதல் பக்கத்தில் சின்னையாவின் பெயரும் அந்தச் சொல்லும் அப்படியே இருக்கின்றன. பின்னிணைப்பு வரை யாரும் புரட்டுவார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

சின்னையாவுக்கு அனுப்பிய தமிழ்க் கடிதத்தை வீரம்மா படித்தாரா என்று தெரியவில்லை. கேட்க இரண்டு முறை தொலைபேசியில் அழைத்தேன். சின்னையா எடுக்கவில்லை.