கெட்டிலைத் திறந்து பார்த்த மெக்கானிக்

ராதாபுரத்தில் பிளாஸ்டிக் குடம் செய்யும் பட்டறை வைத்திருக்கிறேன். அச்சைக் குளிரவைக்க ஒரு சில்லர் தேவைப்பட்டது. பேட்டையில் என் மைத்துனரிடம் ஆற்றுத் தண்ணீரை விட்டு ஆறவைக்கும் சில்லர் இருக்கிறது. அதே மாதிரிதான் வேண்டுமென்று ஒற்றைக்காலில் நின்றேன்.

சில்லர் விற்கும் கம்பெனியிலிருந்து இடம் பார்க்க வந்த மெக்கானிக் பெண், டீக்கு வெந்நீர் வைக்கும் கெட்டிலைத் திறந்து பார்த்தார். உள்ளே உப்பு வெள்ளையாகப் படிந்திருந்தது.

"இந்த போர் தண்ணியத்தான மெஷினுக்கும் விடுவீய? உள்ள குழாயெல்லாம் இப்படித்தான் அடைக்கும், அண்ணாச்சி. காத்துல ஆறுத சில்லர் வாங்குங்க."

கையில் வந்த ஆர்டர் போனாலும் போகட்டும் என்று உண்மையைச் சொல்ல எத்தனை பேருக்கு மனசு வரும்! அவர் சொன்னதையே வாங்கினேன். கோடையிலும் நிற்காமல் ஓடுகிறது.

இப்போதெல்லாம் மெஷின் விற்க வருபவர்களிடம் முதலில் கெட்டிலைத்தான் திறந்து நீட்டுகிறேன். "டீ வேண்டாம் சார்" என்று உள்ளே பார்க்காமலே சொல்பவரிடம் வாங்குவதில்லை.