ஒயரின் மேல் போட்ட பழி

எங்கள் வீட்டில் ஒரு பாட்டு சரியாக அமையாமல் போனால் அதற்குக் காரணம் எப்போதும் ஒயர்தான். தொண்டை காரணமில்லை, கீபோர்டு காரணமில்லை, கூட்டம் காரணமில்லை. பழவேற்காட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த முதல் வருடத்திலேயே எனக்கு இது தெரிந்துவிட்டது. என் வீட்டுக்காரர் கீபோர்டு வாசித்துக்கொண்டே பாடுவார். ரிதம் பேடு வாசிப்பவர் அவருடைய பள்ளிக்கூடத்து நண்பர், பஜாரில் துணிக்கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பாய். பெண் குரல் வேண்டுமென்றால் பொன்னேரியிலிருந்து ஒரு பாடகி பஸ் ஏறி வருவார். இவ்வளவுதான் குழு. கல்யாணம், காதுகுத்து, கோயில் கூழ் என்று ஏரியைச் சுற்றியிருக்கும் குப்பங்களில் யார் கூப்பிட்டாலும் போவார்கள்.

போய்விட்டு வந்து சட்டையைக் கழற்றும்போதே அவர் ஆரம்பித்துவிடுவார். "பாட்டு நல்லாத்தான் எடுத்தேன் மே. ரெண்டாவது சரணத்துல ஒயரு காலை வாரிடுச்சி." அடுத்த முறை வேறு ஊர், அதே பேச்சு. "கரகரன்னு ஒரே பேஜாரு. ஜாக்கைத் தொட்டாலே எரையுது." ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்பது என் வாய் வரை வரும். விழுங்கிவிடுவேன். ஏனென்றால் கூடம் நிஜமாகவே கோணலாகத்தான் இருந்தது. அந்த ஒயர்களை நான் கண்ணால் பார்த்திருந்தேன்.

ஓர் அரிசிச் சாக்கு நிறைய ஒயர். மைக் ஒயர், ஸ்பீக்கர் பாக்ஸ் ஒயர், கீபோர்டு ஜாக் ஒயர், கரண்ட் ஒயர் எல்லாம் ஒன்றோடொன்று கட்டிப் புரண்டு கிடக்கும். ஒன்றை இழுத்தால் மூன்று வரும். நிகழ்ச்சி முடிந்ததும் பாயும் இவரும் கயிறு சுற்றுகிற மாதிரி உள்ளங்கைக்கும் முழங்கைக்கும் நடுவில் இழுத்து இழுத்துச் சுற்றி, மிச்ச வாலைச் சுருளின் இடுப்பில் இறுக்கி முடிச்சுப் போட்டுச் சாக்கில் எறிவார்கள். கரையில் பிறந்தவர்களுக்கு அந்தச் சுற்றுதான் கைக்கு வரும். கயிறு அதைத் தாங்கும். ஒயருக்குள் இருப்பவை முடி மாதிரி செம்புக் கம்பிகள். ஒரே பக்கமாகச் சுற்றினால் சுற்றுக்கு ஒரு முறுக்கு ஏறும். அவிழ்க்கும்போது அது சிக்காக விழும். அவசரத்தில் வெடுக்கென்று இழுத்தால் உள்ளே ஒரு கம்பி அறும். அப்புறம் கரகரக்காமல் என்ன செய்யும்?

எனக்கு அலங்கோலம் பிடிக்காது. அதைக் கோபம் என்று சொல்வார்கள், சொல்லட்டும். ஒரு நாள் சாக்கைக் கவிழ்த்துக் கொட்டினேன்.

எங்கள் தெரு டச்சுக்காரன் கல்லறைக்குப் பக்கத்துத் தெரு. கல்லறையின் மதிலை ஒட்டி நீளமாக ஒரு பாதை உண்டு. ஊரில் அவ்வளவு நீளத்துக்கு மீன் காயாத, வலை விரிக்காத இடம் அது ஒன்றுதான். ஒவ்வொரு ஒயராக அங்கே எடுத்துப் போய் ஒரு முனையைக் காலால் மிதித்துக்கொண்டு நீட்டி, இரண்டு விரலுக்கு நடுவில் உருவி முறுக்கை வெளியே தள்ளினேன். கல்லறை பார்க்க மெட்ராஸிலிருந்து வந்த ஒருவர், "கேபிள் கனெக்‌ஷன் குடுக்கிறீங்களாம்மா?" என்று கேட்டார். ஆமாம், உள்ளே படுத்திருக்கிறவர்களுக்கு என்றேன். அவர் சிரிக்கவில்லை.

பிறகு சுற்றுவது. இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, சுற்றிச் சுற்றிக் கெடுத்துத்தான் பிடிபட்டது. ஒரு வளையம் வழக்கம்போல. அடுத்த வளையத்துக்குக் கையை உள்பக்கமாகத் திருப்பி ஒயரைப் பின்புறமாக விட வேண்டும். முதல் வளையம் ஏற்றிய முறுக்கை இரண்டாவது இறக்கிவிடும். இப்படி மாற்றி மாற்றிச் சுற்றி வைத்தால், ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு வீசினாலே ஒயர் நேராகப் போய் விழும். வளையம் சாப்பாட்டுத் தட்டை விடப் பெரிதாக இருக்க வேண்டும். கட்டுவதற்குச் சைக்கிள் டியூப்பைக் கிழித்துப் பார்த்தேன், வெயிலில் உருகி ஒட்டிக்கொண்டது. கடைசியில் பழைய பருத்திப் புடவையின் கரையைக் கிழித்து நாடாவாக்கி ஒவ்வொரு ஒயரின் ஒரு முனையிலும் நிரந்தரமாகக் கட்டிவிட்டேன். மைக்குக்குப் பச்சை, பாக்ஸுக்குச் சிவப்பு, கீபோர்டுக்கு மஞ்சள். பாய் பார்த்துவிட்டு, "இன்னா தங்கச்சி, ஒயருக்குச் சீமந்தமா?" என்றார்.

இவ்வளவும் சுத்தத்துக்காக மட்டும் செய்ததல்ல. அவருடைய குரல் நல்ல குரல் என்று நான் நம்பினேன். வீட்டில் பாடும்போது அப்படித்தான் இருந்தது. ஒயர் சரியாகிவிட்டால் ஊருக்கும் அப்படியே கேட்கும் என்று நினைத்தேன். அதில் எனக்குத் துளிகூடச் சந்தேகம் இருந்ததில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஏரிக்கு அக்கரையில் இருக்கும் ஒரு பெரிய குப்பத்திலிருந்து ஆடிக் கூழுக்குப் பாடக் கூப்பிட்டார்கள். அந்த ஊரில் எடுபட்டவனைத்தான் சுற்றியிருக்கும் ஊர்கள் வருடம் முழுக்கக் கூப்பிடும். இன்னொரு பக்கம், அவருடைய சின்னம்மா மகன் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் ஒப்பந்த வேலையில் இருந்தான். வா வா என்று இவரை நச்சரித்துக்கொண்டே இருந்தான். துறைமுகம் வேண்டாம் என்று கொடி பிடித்த ஊர்களில்தான் இவர் பாடி வந்தார். அங்கே வேலைக்குப் போனால் இந்த ஊர்களில் யார் முகத்தில் விழிப்பது என்று ஒரு தயக்கம். அதைவிடப் பெரிய தயக்கம், போனால் பாட்டு போய்விடும் என்பது.

"இந்த ஊர்ல நின்னுட்டேன்னா சுத்துப்பட்டு எல்லாத்துக்கும் நாந்தான்," என்றார் ஒரு நாள் சாப்பிடும்போது. "நிக்கலைன்னா கீபோர்டை மூடி வெச்சிட்டுப் போர்ட்டுக்குப் போய்டறேன்."

"ஒயர் நான் பாத்துக்கறேன். நீ பாட்டைப் பாரு," என்றேன்.

ஒயரை வீட்டில் ஒழுங்காக வைப்பது பெரிய காரியமில்லை. படகில் கொண்டுபோவதுதான் பாடு. ஆடியில் ஏரி வற்றி முழங்கால் ஆழத்துக்கு வந்துவிடும். நடுவில் படகு தரை தட்டும். ஆண்கள் குதித்துத் தள்ளுவார்கள், மறுபடி ஏறுவார்கள். ஈரக் காலோடு கண்ட இடத்தில் மிதிப்பார்கள். மீன்கூடை, சைக்கிள், கேஸ் சிலிண்டர் எதுவும் எதன் மேலும் உட்காரும். சாக்கில் ஒயர் இருக்கிறது, மிதிக்காதீர்கள் என்றால், "சரிம்மா" என்று சொல்லிக்கொண்டே அதன் மேல் உட்காருவார்கள்.

நான் சுண்ணாம்புக்குளத்துப் பெண். என் நைனா ஏரியில் இறால் பிடித்தவர். எங்கள் வீட்டில் சாப்பாட்டுத் தட்டைத் தாண்டினால் ஒரு முறைப்போடு போகும், வலையைத் தாண்டினால் முதுகில் விழும். செருப்புக் காலோடு வலைப் பக்கம் போகவே முடியாது. ஏரிக்கரையில் எல்லா வீட்டிலும் இதே கதைதான். அதனால் நைனா கழித்துப்போட்ட ஒரு பழைய வலையைக் கேட்டு வாங்கி வந்தேன். முதலில் ஒயர்களை நேராக அதற்குள் வைத்துச் சுற்றினேன். ஜாக்குகள் எல்லாம் கண்ணியில் மாட்டிக்கொண்டு, எடுப்பதற்குள் என் பிராணன் போயிற்று. அப்புறம் வளையங்களைப் படுக்க வைத்துச் சாக்கில் அடுக்கி, சாக்கின் மேல் வலையைப் போர்த்திக் கட்டினேன். பார்ப்பவர்களுக்கு அது ஒரு வலை மூட்டை.

கூழுக்குப் போன அன்று காலையில் படகின் நடுவில் அதை வைத்தேன். ஏறின அத்தனை பேரும் அதைச் சுற்றிக்கொண்டு போனார்கள். மீன் விற்கும் அம்மாள் ஒருத்தி புடவையை ஒதுக்கிக்கொண்டு விளிம்பில் உட்கார்ந்தாள். தரை தட்டியபோது தள்ளக் குதித்த ஆள் மறுபடி ஏறும்போது அதன் மேல் காலை வைக்கப் போய், "அய்யய்ய" என்று இழுத்துக்கொண்டான். படகுக்காரர் மட்டும் சாக்கு வாயில் எட்டிப் பார்த்த ஜாக்கையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, வலையில பின்னு எல்லாம் தெரியுது?" என்றார். புது மாதிரி வலை என்றேன். பாய் ஏரிப் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு அன்றைக்கு வாழ்க்கையில் எதையோ ஜெயித்துவிட்ட சந்தோஷம்.

இக்கரைக்குத் திரும்பப் படகு வேண்டும் என்பதால் வெளியூர்க்காரர்களின் நிகழ்ச்சியை அங்கே மத்தியானமே வைத்துவிடுவார்கள். அம்மனுக்குக் கூழ் வார்த்து முடித்து ஜனங்கள் பந்தலில் உட்கார்ந்தார்கள். நான் நாடாவை அவிழ்த்து ஒயரை வீசினேன். வேப்பமரம் வரைக்கும் ஒரு நெளிவு இல்லாமல் போய் விழுந்தது. பாய் கைதட்டினார். மைக்கைத் தட்டிப் பார்த்தோம். கரகரப்பு இல்லை, இரைச்சல் இல்லை, ஒன்றும் இல்லை.

அவர் பாட ஆரம்பித்தார்.

அம்மன் பாட்டு ஒன்று, அது நன்றாகவே போயிற்று. இரண்டாவது, உச்சியில் ஏறி நிற்க வேண்டிய பாட்டு. குரல் ஏறியது, நிற்க வேண்டிய இடத்துக்கு ஒரு விரற்கடை கீழே நின்றது. நான் ஒயரைப் பார்த்தேன். ஜாக் இறுக்கமாக இருந்தது. மூன்றாவது பாட்டில் மறுபடியும் அதே இடம், அதே விரற்கடை. இத்தனை நாள் அந்த இடத்தில்தான் கரகரப்பு வந்து மூடியிருந்திருக்க வேண்டும். இன்றைக்கு மூட ஒன்றும் இல்லாமல், அது தண்ணீருக்கு அந்தப் பக்கம் வரைக்கும் தெளிவாகக் கேட்டது.

யாரும் கூச்சல் போடவில்லை. அந்த ஊர் மனிதர்கள் மரியாதையானவர்கள். பெண்கள் கூழ்ப்பானையைக் கழுவ எழுந்தார்கள். ஆண்கள் பீடிக்கு ஒதுங்கினார்கள். பிள்ளைகள் தண்ணீரில் இறங்கிவிட்டார்கள். கோயில் ஆட்களில் ஒருவர் குனிந்தபடி வந்து பாயின் காதில், "தம்பி கொஞ்சம் ரெஸ்ட் எடுக்கட்டும். நடுவுல ரெண்டு பாட்டு போன்ல போட்டுக்கலாமா?" என்றார். போனை மாட்ட ஒரு ஜாக் வேண்டும். மஞ்சள் நாடா கட்டியதைக் கீபோர்டிலிருந்து பாய் கழற்றினார். பாட்டு வந்தது. போனவர்கள் திரும்பி வந்தார்கள். ஆடக்கூடச் செய்தார்கள். என் வீட்டுக்காரர் முழங்கால் மேல் கையை வைத்துக்கொண்டு கீபோர்டின் முன்னால் உட்கார்ந்திருந்தார். எனக்கு அந்தப் பந்தலைப் பிடுங்கி ஏரியில் போட வேண்டும் போலிருந்தது.

கிளம்பும்போது அதே கோயில் ஆள் வெற்றிலை பாக்குத் தட்டோடு வந்தார். "சவுண்டு மட்டும் சூப்பர் தம்பி. இத்தினி வருசத்துல இப்படிக் கேட்டதில்ல. எங்க எடுத்தீங்க ஒயரு?" பாட்டைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வருடத்தைப் பற்றியும் சொல்லவில்லை.

படகில் என் வீட்டுக்காரர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். பாய் வேண்டுமென்றே முன்பக்கம் போய் உட்கார்ந்துகொண்டார். பொழுது சாய்கிற நேரம். அவர் மெதுவாகக் கேட்டார்.

"எங்கியாச்சும் கரகரன்னுச்சா மே?"

என் வேலையில் எனக்குத் திமிர் உண்டு. அந்த ஒயர்களில் ஒரு குறை சொல்ல எவனாலும் முடியாது. ஆனால் அவர் கேட்ட விதம் அப்படி இருந்தது.

"ரெண்டாவது பாட்டுல மைக் ஒயர் கொஞ்சம் லூசு மாதிரி தெரிஞ்சுது," என்றேன்.

அவர் தலையாட்டினார். "அதான பாத்தேன்," என்றார்.

மறுநாள் காலையில் நான் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். அவர் வாசலில் பச்சை நாடா ஒயர்களை எல்லாம் விரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு முனையிலும் பின்னைத் திருகிக் கழற்றி, ஈயம் வைத்த இடத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். உள்ளே கம்பி அறுந்திருக்கிறதா என்று மீட்டரை வைத்துப் பார்த்தார். ஒயரை ஒவ்வோர் இடத்திலும் வளைத்து வளைத்து மறுபடி வைத்துப் பார்த்தார். ஒன்று முடிந்ததும் அடுத்தது. நாஸ்தாவுக்குக் கூப்பிட்டேன், வரவில்லை. கடைசி ஒயரையும் பார்த்துவிட்டு மீட்டரைக் கீழே வைத்தார்.

"எல்லாம் நல்லாக்கீது," என்றார். "எதுக்கு மே பொய் சொன்ன?"

"உனக்கு ஏதாச்சும் ஒண்ணு வேணும்ல."

 பின்களை ஒவ்வொன்றாகத் திருகி மூடினார்.

"இத்தினி நாளா இருந்துச்சே. போதும்," என்றார்.

அந்த வாரமே சின்னம்மா மகனோடு காட்டுப்பள்ளிக்குப் போய்க் கேட்டார், வேலை கிடைத்தது. கொடி பிடித்த ஊர்களில் யாரும் தவறாகப் பேசவில்லை. அவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் ஒவ்வொருவராக அங்கேதான் போய்க்கொண்டிருந்தார்கள். ஒயர்களைப் பாய் எடுத்துக்கொண்டு மைக் செட் வைத்தார், நன்றாக ஓடுகிறது. வேலைக்குப் போகும் முன் குளிக்கும்போது என் வீட்டுக்காரர் இன்னும் பாடுகிறார். அந்தப் பாட்டும் சில நாள் வரும். உச்சியில் ஏறும் இடம் நெருங்கும்போது நான் அடுப்படியில் கையிலிருக்கிற பாத்திரத்தை அப்படியே பிடித்துக்கொண்டு நிற்கிறேன். கல்யாணமான நாளிலிருந்து கேட்கிற குரல்தான். அந்த விரற்கடை முன்பெல்லாம் எனக்குக் கேட்டதில்லை.