தட்டில் காட்டிய குடல்வால்

அக்காவுக்குப் பெரம்பலூரில் குடல்வால் ஆபரேஷன் முடிந்ததும் நர்ஸ் ஒரு தட்டோடு வெளியே வந்தார். இந்தப் பக்கம் அப்படித்தான். எடுத்ததைச் சொந்தக்காரர்கள் கண்ணில் காட்டிவிட வேண்டும். இல்லையென்றால் சும்மா கீறித் தைத்துவிட்டார்கள் என்பார்கள். அக்கா புருஷன் ஃபோனில் படம் பிடித்தார். குரும்பலூரில் இருக்கும் அவர் சொந்தம் முழுக்க அந்தப் படம் போனது.

எனக்குக் கர்ப்பப்பை எடுத்தபோது அதை டெஸ்டுக்கு அனுப்பினார்கள். அதனால் கேட்டேன். “இத டெஸ்டுக்கு அனுப்பலீங்களா?”

டாக்டர் நின்றுகூடப் பேசவில்லை. “சாதாரண அப்பெண்டிக்ஸ்தாம்மா. வேணும்னா அனுப்பலாம். அவசியமில்ல.”

மாமா சிரித்தார். “வெட்டிப் போட்டதுக்கும் ஜாதகம் பாக்குற ஒரே ஆளு என் கொழுந்தியாதான் சார்.”

எல்லோரும் சிரித்தார்கள். தட்டு உள்ளே போனது. குப்பைக்குத்தான்.

அடுத்த மக்காச்சோள அறுப்புக்குள் அக்காவுக்கு வயிறு உப்பிவிட்டது. வாயு என்று சொல்லிச் சொல்லியே நாளைக் கடத்தினார்கள். நான் சண்டை போட்டுத் திருச்சிக்கு அழைத்துப் போனேன். ஸ்கேனில் வயிறெங்கும் புற்று பரவியிருந்தது. “குடல்வால்லயே கட்டி இருந்திருக்கும். வெளிய தெரியாது. ஐம்பது வயசுக்காரங்களுக்கு அது வீங்கினா சந்தேகப்படணும். அப்ப எடுத்த டெஸ்ட் ரிப்போர்ட் எங்க?” என்று கேட்டார் அங்கிருந்த டாக்டர்.

மாமா ஃபோனைத் துழாவி அந்தப் படத்தை நீட்டினார்.

“போட்டோல என்னங்க தெரியும்?”

வெளியே வந்து மாமா, “நமக்கென்ன தெரியும்” என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தெரிந்துகொள்ள வேண்டியதைத் தட்டில் வைத்து நீட்டினார்கள். படம் பிடித்துவிட்டுத் தூக்கிப் போட விட்டுவிட்டோம். அந்தப் பெரம்பலூர் டாக்டருக்குமா தெரியாது? படித்தவர்தானே?

போன வாரம் இரண்டாவது ஆபரேஷன். உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது அக்கா என் கையைப் பிடித்தாள். “ஏய், அந்தாள படம் புடிக்க விடாத. டெஸ்டுக்குப் போவுதான்னு நீ நின்னு பாரு.”

நின்றேன். நர்ஸ் தட்டோடு வந்ததும் மாமாவின் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது.

“கைய எடுங்க மாமா!”

வராந்தா முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும். நர்ஸ் அதை டப்பாவில் போட்டு மூடி, அக்கா பேரை எழுதி ஒட்டினார். டெஸ்ட் எடுக்கும் இடத்தில் வாங்கிக்கொள்ளும்வரை கூடவே போனேன்.

முடிவு இன்னும் வரவில்லை. அக்கா கஞ்சி குடிக்கிறாள். மாமாவோடு நான் பேசுவதில்லை.