ஒரே சீட்டுக்கு இரண்டு டிக்கெட்

திண்டிவனத்தில் கைக்குழந்தையோடு ஒரு பெண் பஸ்ஸில் ஏறினாள். அவளுடைய பதினான்காம் நம்பர் சீட்டில் வேறொருவர் அதே நம்பர் டிக்கெட்டோடு உட்கார்ந்திருந்தார். கண்டக்டர் விழித்தார். என் பக்கத்து சீட்டில், வறுத்த மல்லாட்டைக் கடலையைத் தோல் ஊதி ஊதித் தின்றுகொண்டிருந்த கண்ணாடி போட்ட இளம்பெண் சிரித்தாள்.

"இது நான் வேலை பார்த்த கம்பெனி லட்சணம் சார். டிக்கெட் விக்க ரெண்டு புரோகிராம், ரெண்டும் வேற வேற கம்ப்யூட்டர் மொழியில எழுதினது. ஒண்ணு ஒருத்தருக்குன்னு சீட்டைப் பூட்டினா இன்னொண்ணுக்குத் தெரியாது. ஒரே நேரத்துல கேட்டா ரெண்டும் வித்துடும். சொல்லிக்கினே இருந்தேன். கடைசில தப்பு உன்னுதுன்னு என்னையே அனுப்பிட்டானுங்க."

அவள் போன் அடித்தது.

"அவன்தான், பழைய மேனேஜரு. எப்படிச் சரி பண்றதுன்னு கேக்கத்தான்." துண்டித்தாள்.

"சரி பண்ணத் தெரியுமாம்மா?" என்று கேட்டேன்.

"நல்லாத் தெரியும். சொல்ல மாட்டேன். தெனம் ஒரு பஸ்ஸுல அவன் பேரு நாறணும்."

குழந்தை வீறிட்டது. அவள் சட்டென்று எழுந்து தாயைத் தன் இடத்தில் உட்காரவைத்தாள். விழுப்புரம் வரை கம்பியைப் பிடித்தபடியே நின்றாள். வழியில் இன்னும் மூன்று முறை போன் வந்தது. மூன்று முறையும் பெயரைப் பார்த்துவிட்டு நிதானமாகத் துண்டித்தாள்.

எழுந்து இடம் கொடுக்க எனக்குத் தோன்றவில்லை. போனை எடு என்று அவளிடம் சொல்லவும் வாய் வரவில்லை.