ஆடியவன் சாட்சி

கெலமங்கலம் சந்தையில் நான் வந்த பஸ் நிற்கிறது. மலையிலிருந்து இறங்கிய இருளர்கள் தம்பட்டை அடித்துப் பாடுகிறார்கள். அவர்கள் ராகி விதைக்கும் கொல்லை நிலத்தை ஒரு பண்ணைக்காரர் வேலி போட்டு வளைத்துவிட்டாராம். பாறை, புளியமரம், ஓடை என்று கொல்லையின் எல்லை முழுவதும் பாட்டில் வருகிறது. தாளம் கேட்டால் என் கால் சும்மா இருக்காது. இறங்கி, வட்டத்தில் புகுந்து கரடி மாதிரி ஆடுகிறேன். சந்தையே சிரிக்கிறது.

பாட்டு முடிந்ததும், பாடிய பெண் வழி மறிக்கிறாள். “வாண்ணா, தாலுக்கா ஆபீசுக்குப் போலாம்.”

“நான் எதுக்கும்மா?”

“எல்லைப் பாட்டுக்கு ஆடுனவங்க சாட்சி சொல்லணும். எங்க வழக்கம்.”

“கொல்லைய நான் பாத்ததே இல்லியே!”

“போற வழிதான், காட்டறேன்.”

தப்பிக்கப் பஸ்ஸைப் பார்க்கிறேன். கண்டக்டர் என் பெட்டியை இறக்கிவைத்துவிட்டுச் சிரிக்கிறார்.

“போங்க சார். போன சந்தையில நான் ஆடிட்டேன். நேத்துதான் சாட்சி சொல்லிட்டு வந்தேன்.”